முதலில் ஞானஸ்நானம், பிறகு விருந்து



ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அந்த வீட்டின் நடையே மாறிவிடுகிறது. பாட்டிக்கு முழங்கால் வலி மறந்துபோகிறது. தாத்தா தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்திச் செய்தி சொல்லுகிறார். தாய்மாமன் என்ன செய்வார், அத்தை என்ன போடுவாள், யார் யாரை அழைப்பது, எத்தனை பேருக்குச் சமைப்பது என்று பேச்சு எழும்புகிறது. இவையெல்லாம் நல்ல பேச்சுகளே. பிள்ளைப்பேறு ஆண்டவர் தரும் கொடை. கொடை வந்த வீட்டில் மகிழ்ச்சி இல்லாமல் இருக்குமா?

ஆனால் இந்தப் பேச்சுகளின் நடுவே ஒரு கேள்வி மட்டும் பின்னுக்குத் தள்ளப்படுவதை இக்காலத்தில் அடிக்கடி காண்கிறோம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்பதே அந்தக் கேள்வி. கேட்டால் வரும் பதில்கள் மூன்று. "கொஞ்சம் பணம் சேரட்டும் சாமி" என்பது ஒன்று. "மாமா துபாயிலிருந்து லீவில் வரட்டும்" என்பது மற்றொன்று. "முதல் பிறந்த நாளோடு சேர்த்து ஒரே செலவாக வைத்துக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். இவற்றில் எதுவும் ஞானஸ்நானத்தைப் பற்றிய பதில் அல்ல. மூன்றும் விருந்தைப் பற்றிய பதில்களே. விருந்து தயாராகவில்லை என்பதற்காகத் தேவதிரவிய அனுமானம் வாசலில் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இது சரியா என்பதை வேத வாக்கியத்தைக் கொண்டே ஆராய்வோம்.

அப்போஸ்தலர் பணி நூலின் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக் காவலனுடைய வரலாறு சொல்லப்பட்டிருக்கிறது. அர்ச். சின்னப்பரும் சீலாவும் அந்நகரில் தடியடி பட்டு, உட்சிறையில் அடைக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடந்தார்கள். நள்ளிரவில் அவர்கள் செபித்துக்கொண்டும் தேவ புகழ் பாடிக்கொண்டும் இருக்கையில் பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, விலங்குகள் கழன்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிய காவலன் வாளை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனான். சின்னப்பர் உரத்த குரலில் அவனைத் தடுத்தார். நடுநடுங்கி உள்ளே வந்த அவன், தான் மீட்படைய வழி என்னவென்று கேட்டான். அவர்கள் அவனுக்கும் அவன் வீட்டார் எல்லாருக்கும் ஆண்டவருடைய வார்த்தையைப் போதித்தார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். அந்த இரவு நேரத்திலேயே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். உடனே அவனும் அவனைச் சேர்ந்த அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னர் அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உணவு பரிமாறினான். வீட்டார் அனைவரோடும் மகிழ்ந்தான்.

பிரியமானவர்களே, அந்த வீட்டிலும் விருந்து இருந்தது, மகிழ்ச்சி இருந்தது. கிறிஸ்தவ வேதம் விருந்துக்கு விரோதமானதல்ல. ஆனால் வரிசையில் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த நேரத்திலேயே ஞானஸ்நானம், வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம், பிறகு பந்தி. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அந்த நேரத்திலேயே

நடுச்சாமத்தில் ஏன் அவ்வளவு அவசரம்? விடிந்த பிறகு, உறவினருக்குச் சொல்லியனுப்பி, நல்ல உடை உடுத்தி, சாவகாசமாகப் பெற்றிருக்கலாமே? காவலன் அப்படி எண்ணவில்லை. கிடைத்தது எத்தகைய கொடை என்று அறிந்தவன் அதை நாளைக்கென்று தள்ளிவைப்பதில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் கிடைப்பது என்ன? ஜென்மப் பாவம் கழுவப்படுகிறது. தேவ இஷ்டப்பிரசாதம் ஆத்துமத்தில் ஊற்றப்படுகிறது. உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை அன்று ஆண்டவருடைய பிள்ளையாகவும், கிறிஸ்துநாதருடைய திருச்சரீரத்தின் உறுப்பாகவும் ஆகிறது. ஒருபோதும் அழியாத முத்திரை ஒன்று அதன் ஆத்துமத்தில் பதிகிறது. குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசியை மாமா ஊரிலிருந்து வரும்வரை எந்தத் தாயாவது தள்ளிப்போடுவாளா? தேதி தவறினால் பதறுகிறோம். உடலுக்குப் பதறுகிற நாம் ஆத்துமத்துக்கு மட்டும் ஏன் பொறுமையாக இருக்கிறோம்?

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867-ஆம் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லுகிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படும்படி பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை. பிறந்தவுடனேயோ, பிறப்பதற்கு முன்னரேயோ பங்குக் குருவிடம் வந்து அதைக் கேட்டு, அதற்குத் தங்களையும் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். சட்டம் வாரங்களைச் சொல்லுகிறது. நாமோ மாதங்களாகவும் வருடமாகவும் ஆக்கிவிட்டோம்.

அர்ச். அகுஸ்தீனாருடைய வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அவர் சிறுவனாக இருக்கையில் கடும் நோயுற்று ஞானஸ்நானம் கேட்டார். தாய் மோனிக்கம்மாள் அதற்கு விரைந்து ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் நோய் தெளிந்துவிட்டது, ஞானஸ்நானமும் ஒத்திவைக்கப்பட்டது. ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவம் பாரமானது, ஆகையால் வாலிபக் காலம் கழியட்டும் என்று எண்ணுவது அக்காலத்தில் பலரிடம் இருந்த வழக்கம். பிறகு அவர் எங்கெங்கோ அலைந்து, 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், தமது 32-ஆம் வயதில், மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய தன் வரலாற்றில் அந்த ஒத்திவைப்பை நினைத்து வருந்துகிறார். அர்ச்சியசிஷ்டவரான ஒரு தாயின் வீட்டிலும் தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டதாகவே ஆயிற்று.

நம் தமிழ்க் கரையிலேயே ஒரு சாட்சியம் உண்டு. அர்ச். சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அருகில் குரு இல்லை. சவேரியார் மணலில் ஊர் ஊராக நடந்துபோய் அந்தப் பிள்ளைகளைத் தேடித் தேடி ஞானஸ்நானம் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதை 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தில் தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதினார். அன்று பிள்ளைகள் காத்திருந்தது குரு இல்லாமையால். இன்று கோவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, குரு இருக்கிறார், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. இன்றைய பிள்ளை காத்திருப்பது பந்தலுக்காகவும் படம் பிடிப்பவருக்காகவும் அல்லவா?

இங்கே ஒரு வார்த்தை. உயிருக்கு ஆபத்தான நிலையில் குழந்தை பிறந்தால், குரு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகப்பனோ, பாட்டியோ, மருத்துவமனைத் தாதியோ, யாராயினும், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு ஞானஸ்நானம் கொடுக்கலாம். நல்ல தண்ணீரைக் குழந்தையின் தலையில் ஓடும்படி மூன்று முறை ஊற்றிக்கொண்டே, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். "நான்" என்ற சொல்லை "நாங்கள்" என்று மாற்றக் கூடாது; அப்படி மாற்றிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று 2020 ஆகஸ்டில் உரோமையிலிருந்து முடிவு வந்தது. பிள்ளை பிழைத்து வீடு வந்தபின் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் மீண்டும் ஊற்றப்படாது. மற்றச் சடங்குகள் நிறைவு செய்யப்பட்டுப் புத்தகத்தில் பதியப்படும். இந்த முறையை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது மனப்பாடமாக அறிந்திருப்பது நலம்.

ஞானஸ்நானம் பெறாமலே பிள்ளையை இழந்த தாய்மாரும் இதை வாசிக்கக்கூடும். அவர்களைக் கலங்கச் செய்ய நான் இதை எழுதவில்லை. அத்தகைய குழந்தைகளைத் திருச்சபை ஆண்டவருடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்ப நமக்கு இடமிருக்கிறது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1261-ஆம் எண்ணில் போதிக்கிறது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் அவர்களை மறப்பவர் அல்லர். அதே நூல் அதே இடத்தில், ஆகவேதான் பிள்ளைகள் ஞானஸ்நானத்தின் வழியாகக் கிறிஸ்துவிடம் வருவதைத் தடுக்காதிருக்கும்படி திருச்சபை நம்மை இன்னும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறது என்றும் சொல்லுகிறது.

சிலர், "இப்போதைக்கு ஒரு ஆசீர்வாதம் கொடுங்கள் சாமி, ஞானஸ்நானம் பிறகு" என்று கேட்கிறார்கள். ஆசீர்வாதம் நல்லதே, மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் தாயும் சேயும் கோவிலில் நின்று ஆசீர் பெற்றுப் போவது அழகான வழக்கமே. ஆனால் ஆசீர்வாதம் ஞானஸ்நானம் ஆகாது. வாசலில் நின்று வாழ்த்துப் பெறுவதும், வீட்டுக்குள் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்படுவதும் ஒன்றாகுமா?

2. வீட்டார் அனைவரோடும்

முற்காலத்தில் பிறந்த சில நாட்களிலேயே பிள்ளையைக் கோவிலுக்கு எடுத்துச் செல்வார்கள். தாய் படுக்கையில் இருப்பாள். ஞானத்தாயும் பாட்டியும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-இல் குழந்தைகளுக்கான புதிய ஞானஸ்நானச் சடங்கு முறை வெளிவந்தது. அதில் பெற்றோருக்கு முதலிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தாயும் வந்து கலந்துகொள்ளும்படி அவளுடைய உடல்நலத்தையும் கருதி நாள் குறிக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே நான் உங்களை ஓட ஓட விரட்டவில்லை. தாய்க்கு உடல் தேறட்டும். நான்கு வாரம், ஆறு வாரம் ஆகட்டும். தாயின் உடல்நலத்துக்காகக் காத்திருப்பது நியாயம். மண்டபம் காலியாகும் தேதிக்காகக் காத்திருப்பது நியாயமல்ல.

சடங்கில் பெற்றோர் செய்வதை நினைத்துப் பாருங்கள். கோவில் வாசலில் பிள்ளைக்கு என்ன பெயர் என்றும், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்றும் குரு வினவுகிறார். பெற்றோர் பதில் சொல்லுகிறார்கள். பிள்ளையின் நெற்றியில் குரு சிலுவை அடையாளம் வரைந்தபின் தாயும் தகப்பனும் ஞானப்பெற்றோரும் வரைகிறார்கள். பசாசையும் அதன் கிரியைகளையும் விட்டுவிடுவதாகப் பிள்ளைக்காக அவர்களே வாக்களிக்கிறார்கள். தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றப்பட்டபின் உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசப்படுகிறது. வெள்ளை வஸ்திரம் தரப்படுகிறது. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி தகப்பன் கையிலோ ஞானத்தகப்பன் கையிலோ கொடுக்கப்படுகிறது. முடிவில் பிள்ளையை ஏந்திய தாய்க்கும், பிறகு தகப்பனுக்கும் தனித்தனியே ஆசீர் உண்டு. இத்தனையும் நடக்கையில் தகப்பன் வாசலில் நின்று பிரியாணி வந்ததா என்று அலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தால், அந்த மெழுகுதிரியை யார் ஏந்துவது?

ஞானப்பெற்றோரைத் தெரிந்துகொள்வதில்தான் அதிகத் தவறு நேருகிறது. யார் தங்கச் சங்கிலி போடுவார், யார் வசதியுள்ளவர், யாரைக் கேட்காவிட்டால் மனவருத்தம் வரும் என்று கணக்குப் பார்க்கிறோம். திருச்சபை கேட்பது வேறு. ஞானத்தாய், ஞானத்தகப்பன் ஆகிறவர் 16 வயது நிரம்பியவராக, கத்தோலிக்கராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, தம் விசுவாசத்துக்கும் ஏற்றிருக்கும் பொறுப்புக்கும் தக்கபடி வாழ்கிறவராக இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. இருவர்தான் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஒருவர் இருந்தாலும் போதும். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் ஏழைச் சித்தி, பத்துப் பவுன் போடக்கூடிய, ஆனால் கோவில் வாசல் மிதியாத உறவினரைவிட நூறு மடங்கு நல்ல ஞானத்தாய். பிள்ளைக்குப் பதினைந்து வயதாகி வழி தடுமாறும்போது சங்கிலி வந்து புத்தி சொல்லாது, சித்தி சொல்லுவாள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரை வைக்கக் கூடாது என்பதே சட்டம். சூசையப்பர், அந்தோனியார், தெரேசம்மாள் போன்ற அர்ச்சியசிஷ்டவர்கள் பெயரோ, அருள், அமலி, இருதயம் போன்ற நம் நல்ல தமிழ்ப் பெயர்களோ இருக்க, பொருள் தெரியாத ஒலிகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஏன் சூட்ட வேண்டும்? பாதுகாவலராக ஓர் அர்ச்சியசிஷ்டவரைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அரசாங்கத்தில் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதியவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கொடுக்கும் பெயரும் கோவில் புத்தகத்தில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பின்னாளில் பள்ளிக்கூடத்திலும் திருமணத்திலும் வரும் அலைச்சல் மிச்சமாகும்.

3. பிறகு பந்தி

இப்போது விருந்துக்கு வருவோம். சிறைக் காவலன் பரிமாறியது என்ன? வேதம் அதைச் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் வீட்டில் இருந்ததைத்தான் பரிமாறியிருப்பான். ஆனாலும் அவன் வீடு முழுவதும் மகிழ்ந்தது.

ஒரு கொத்தனார் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. அண்ணன் பிள்ளைக்கு மண்டபம் பிடித்துச் செய்தார்கள்; நாம் குறைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயம். கையில் பணமில்லை. பத்து மாதம் ஒத்திவைக்கிறார்கள். பிறகும் பணம் சேரவில்லை. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. மேடை, பதாகை, கேக், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அன்று இரவு மொய் நோட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்க்கிறார்கள். செலவில் பாதிகூடத் தேறவில்லை. மறு மாதத்திலிருந்து வட்டி. பிள்ளைக்கு வாங்க வேண்டிய பாலும் முட்டையும் வட்டிக்குப் போகிறது. யாருடைய பெயரால் இந்த விருந்து நடந்ததோ, அந்தப் பிள்ளையின் வாயிலிருந்தே அதன் செலவு பிடுங்கப்படுகிறது. ஆண்டவர் இதையா கேட்டார்?

இதில் இன்னொரு கேடும் உண்டு. வசதியுள்ளவர் ஆடம்பரமாகச் செய்யும்போது அடுத்த வீட்டு ஏழைக்கு அது அளவுகோல் ஆகிவிடுகிறது. அவன் வெட்கப்பட்டுத் தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறான். ஆகவே உள்ளவர்களே, இல்லாதவர்களுக்காக நீங்களும் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். உங்கள் பணம் உங்களுடையதுதான். ஆனால் உங்கள் நடத்தை ஊருக்குப் பாடமாகிறது.

விருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருந்தளிப்பவன் யாரை அழைக்க வேண்டும் என்று நம் ஆண்டவரே லூக்காஸ் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் போதித்திருக்கிறார். பதிலுக்கு அழைக்கக்கூடிய உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அல்ல, ஏழைகளையும் ஊனரையும் முடவரையும் குருடரையும் அழைக்கும்படி சொன்னார். அவர்களால் கைம்மாறு செய்ய முடியாது. அதனாலேயே அழைத்தவன் பேறுபெற்றவன். மொய் எழுத முடியாதவர் ஒருவராவது உங்கள் பந்தியில் உட்காரட்டும். தெருக்கோடியில் தனியே இருக்கும் விதவைத் தாயை அழைத்து முதல் இலை போடுங்கள். அவள் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லும் வாழ்த்து எந்தப் பரிசுப் பொட்டலத்துக்கும் குறைந்ததல்ல.

எப்படித் திட்டமிடுவது என்று கேட்பவர்களுக்கு எளிய வழி சொல்லுகிறேன். பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன்பே கணவனும் மனைவியுமாக வந்து என்னைப் பாருங்கள். ஞானப்பெற்றோர் யாரென்று அப்போதே தீர்மானித்து, அவர்களையும் ஆயத்த வகுப்புக்கு அழைத்து வாருங்கள். பிறந்தபின், தாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும், அடுத்து வரும் ஞாயிறு ஒன்றைக் குறியுங்கள். பங்கு மக்கள் கூடியிருக்கும் பூசையிலேயே கொடுத்தால், நீங்கள் அழைக்காமலே நூற்றுக்கணக்கானோர் உங்கள் பிள்ளைக்காகச் செபிப்பார்கள். முன் வாரத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். வெள்ளைச் சட்டை ஒன்று போதும். பருத்தியானால் பிள்ளைக்கு உறுத்தாது. பூசை முடிந்து கோவில் முற்றத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு மிட்டாய்; வீட்டில் நெருங்கிய உறவினருக்குச் சாப்பாடு. இவ்வளவுதான்.

மாமா துபாயிலிருந்து வந்தபின் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டையும் காதுகுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிறந்த நாளில் உறவினரைக் கூப்பிட்டுக் கொண்டாடுங்கள். அவற்றை ஒத்திவைத்தால் நட்டமில்லை.

இன்னொன்று. கோவிலுக்குக் கொடுக்கக் காணிக்கை இல்லையே என்று எவரும் தயங்க வேண்டாம். ஏழை என்ற காரணத்தால் எவருக்கும் தேவதிரவிய அனுமானம் மறுக்கப்படக் கூடாது என்பது திருச்சபையின் சட்டம். வெறுங்கையோடு வாருங்கள், பிள்ளையைக் கொண்டுவந்தால் போதும். உங்கள் திருமணத்தில் ஏதாவது சிக்கல் இருந்து அதனால் வர வெட்கப்படுகிறவர்களும் வாருங்கள். பேசி வழி காண்போம். பெற்றோரின் தடுமாற்றத்துக்குப் பிள்ளை பொறுப்பாளி அல்ல.

ஞானஸ்நானத்தில் கொடுக்கப்பட்ட மெழுகுதிரியைப் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் வரும்போது அதை ஏற்றிக் குடும்பமாக விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கள். 2025-இல் இறைவனடி சேர்ந்த பாப்பரசர் பிரான்சிஸ், நாம் ஞானஸ்நானம் பெற்ற தேதியைத் தெரிந்து நினைவில் வைத்திருக்கும்படி விசுவாசிகளைப் பலமுறை கேட்டுக்கொண்டார். உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் தேதி தெரியும்? தெரியாதவர்கள் கோவில் அலுவலகத்துக்கு வாருங்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுகிறேன்.

ஆகையால் பிரியமானவர்களே, நம் பங்கில் இப்போது ஞானஸ்நானம் பெறாத கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டாரும் இந்த வாரமே வந்து நாள் கேளுங்கள். பணம் சேரவில்லை என்றால், பணம் தேவையில்லை. மாமா வரவில்லை என்றால், ஆண்டவர் வந்து காத்திருக்கிறார். பிறந்த நாள் வரட்டும் என்றால், பிள்ளை மறுபடி பிறக்கும் நாளே அதன் பெரிய பிறந்த நாள்.

பிலிப்பி நகரில் அந்த நள்ளிரவில் ஒரு வீட்டுக்கு அருளிய மகிழ்ச்சியை நம் ஆண்டவர் உங்கள் வீடுகளுக்கும் அருள்வாராக. தேவதாய் தமது மேலாடையால் உங்கள் பிள்ளைகளைப் போர்த்திக் காப்பார்களாக.

ஆமென்.

உங்கள் பங்குக் குரு